ரதம் நின்ற வாசல்கள்

மூன்றாவது சிடி 17-ஆவது வீட்டு வாசலில் நின்றுபோனது. ரதம் வந்து நிற்கிறது, பூசாரி தேங்காயை ஓங்குகிறார், கை மேலேயே இருக்கிறது. திரையில் அவ்வளவுதான். மடிக்கணினியின் வயிற்றுக்குள் காகிதம் உரசுவது போல ஒரு சத்தம் வந்து, அதுவும் அடங்கியது. சிடியை வெளியே தள்ளும் பொத்தானை அமுக்கினேன். தட்டு அசையவில்லை. மறுபடி அமுக்கினேன். ஓரத்தில் இருந்த பச்சை விளக்கு மட்டும் விட்டு விட்டு மினுக்கியது.

அம்மா கையில் பென்சில், மடியில் பள்ளிக்கூட நோட்டு. "என்ன பாப்பா, பூசாரி கைய இறக்க மாட்டேங்கிறாரு?" என்றார்.

அது 2012, தைப்பூசம் முடிந்த வாரம். தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நாங்கள் குடியிருந்த தோட்டம் கலைந்து எட்டு வருஷம். யார் யாருக்குப் பத்திரிகை வைப்பது என்று யோசித்த அம்மா, யாரையும் விட்டுவிடக் கூடாது என்று ஒரு வழி கண்டுபிடித்தார். 2003 திருவிழா சிடியைப் போடச் சொன்னார். மொத்தம் நான்கு சிடி. ஒன்றில் காப்புக் கட்டு, இரண்டில் பால்குடம், மூன்றில் ரதம், நான்கில் தீமிதி. அம்மாவுக்கு வேண்டியது மூன்றாவது. ராத்திரியில் ரதம் லயத்துக்குள், தோட்டத்து வரிசை வீடுகளுக்கு நடுவே, வந்து ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிற்கும். அர்ச்சனைத் தட்டோடு வீட்டிலுள்ள அத்தனை பேரும் வெளியே வந்து நிற்பார்கள். பட்டணத்திலிருந்து வந்த வீடியோக்காரர் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரதத்தின் பின்னாலேயே நடந்திருக்கிறார். 42 வாசல். 42 குடும்பம்.

அம்மா ஒவ்வொரு வாசலிலும் படத்தை நிறுத்தச் சொல்வார். முகங்களைப் பார்ப்பார். பிறகு எழுதுவார். முதல் வீடு டிரசர் வீடு, இப்போது ரவாங். இரண்டு, தண்டல் வீடு, மேருவில் மகளோடு. மூன்று, காப்பார். நான்கு, புஞ்சாக் ஆலாம். ஐந்தாவது வீட்டு ஆயா தவறிவிட்டார், மகனுக்கு வைக்க வேண்டும். இப்படியே 16 வரை வந்துவிட்டோம். 17-இல் பூசாரியின் கை மேலேயே நின்றுவிட்டது.

கோலா சிலாங்கூர் வட்டாரத்தில் தோட்டங்கள் கலைந்த கதை ஒன்றிரண்டல்ல. பத்தாங் பெர்ஜுந்தையைச் சுற்றியிருந்த மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் தோட்டத்து மக்கள் ஒரு சொந்த வீட்டுக்காகப் பல ஆண்டுகள் போராடினார்கள். அந்த அளவு போராடக்கூட எங்கள் தோட்டத்துக்கு ஆள்பலம் இருக்கவில்லை. 2004-இல் ஆளுக்கு ஒரு லோரி பிடித்துக்கொண்டு கிளம்பினோம். லயம் இருந்த மேட்டில் இப்போது இளம் செம்பனை. பத்தாங் பெர்ஜுந்தை என்ற பெயர்கூட இப்போது இல்லை, 2007-இல் அது பெஸ்தாரி ஜெயா ஆனது. அம்மா இன்றைக்கும் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வார். பஸ் கண்டக்டர்கள் ஒரு காலத்தில் கத்திய பெயர் அது, அவ்வளவு சீக்கிரம் நாக்கை விட்டுப் போகாது.

தட்டின் முகப்பில் ஒரு துளை இருக்கும், கம்மல் போடக் குத்திய துளை அளவுக்கு. அது எதற்கு என்று பலருக்குத் தெரியாது. மேசைக் கணினியில் தட்டை வெளியே கொண்டுவர மோட்டார் உண்டு. மடிக்கணினியின் மெல்லிய தட்டுக்கு அந்த மோட்டார் கிடையாது. தட்டைப் பிடித்து வைத்திருப்பது ஒரு சின்னக் கொக்கி. பொத்தானை அமுக்கினால் மின்காந்தம் கொக்கியை விடுவிக்கும், சுருள்வில் தட்டை ஒரு விரல் அகலம் வெளியே தள்ளும், மிச்சத்தை நாம் கையால் இழுக்க வேண்டும். மின்காந்தம் வேலை செய்யாதபோது அதே கொக்கியைக் கம்பியால் தள்ளிவிடத்தான் அந்தத் துளை. கணினியை முழுக்க அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, பேட்டரியையும் கழற்றிவிட்டுச் செய்ய வேண்டும். உள்ளே சிடி நிமிடத்துக்குச் சில ஆயிரம் சுற்று சுற்றக்கூடிய இடம் அது.

தம்பி காகிதக் கிளிப் ஒன்றை நிமிர்த்திக் கொடுத்தான். நேராக உள்ளே விட்டேன். கொஞ்ச தூரம் போனதும் ஏதோ தட்டுப்பட்டது. அழுத்தினேன். "டிக்" என்றது. தட்டு ஒரு விரல் அகலம் வந்து நின்றது, அதற்குமேல் வரவில்லை.

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். நான் இழுத்தேன். அம்மா, "மெதுவா பாப்பா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். உள்ளே ஏதோ கிழிந்தது, காதுக்குத் தெளிவாகக் கேட்டது. தட்டு மட்டும் வரவில்லை.

அம்மாவுக்குப் படிப்பு நான்காம் வகுப்பு வரைதான். ஆனால் ஒட்டிக்கொண்ட ஒன்றைச் சேதமில்லாமல் எடுப்பது எப்படி என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 1980-களின் கடைசியில் ரப்பர் மரங்களை வெட்டி வீழ்த்தும் வரைக்கும் அவர் பால்வெட்டுக்காரி. விடியுமுன் பெரட்டு, பெயர் கூப்பிட்டதும் காண்டா வாளியைத் தூக்கிக்கொண்டு நிரைக்குப் போக வேண்டும். பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போவேன். பால் எடுத்த பிறகும் மரம் கொஞ்ச நேரம் சொட்டும். அது பால் வடியும் மங்கிலேயே இறுகி மறுநாள் கட்டிப்பாலாகக் கிடக்கும். நான் நகத்தால் சுரண்டுவேன், பிய்ந்து பிய்ந்து வரும். அம்மா என் கையைத் தட்டிவிடுவார். "சுரண்டாத. நடுவுல அமுக்கு, ஓரத்தைச் சுத்தி விரல ஓட்டு, அதுவா வரும்." பெருவிரலை நடுவில் வைத்து அவர் ஒரு திருப்புத் திருப்புவார். மங்கின் வடிவம் மாறாமல் முழுசாகக் கழன்று வரும். மங்குக்குள் ஒரு இழை மிச்சமிருக்காது. பிறகு பட்டையில் காய்ந்திருக்கும் கோட்டுப்பாலை ஒரு முனையில் பிடித்து உரிப்பார். ஒரே நாடாவாக, வெட்டின் நீளத்துக்கு வரும்.

சிடியையும் அப்படித்தான் எடுக்க வேண்டும். மடிக்கணினியில் அது நடுக்குமிழின் மூன்று சின்னப் பற்களில் மாட்டிக்கொண்டிருக்கும். குமிழைப் பெருவிரலால் அமுக்கிக்கொண்டு விளிம்பை மற்ற விரல்களால் மெதுவாகத் தூக்கினால் கழன்று வரும். விளிம்பை மட்டும் பிடித்து இழுத்தால் சிடி வளையும், நடுத்துளையில் விரிசல் விழும். அம்மா சொன்ன வார்த்தைகளை மாற்றாமல் அப்படியே ஒரு கணினிக் கையேட்டில் எழுதி வைக்கலாம்.

மறுநாள் மடிக்கணினியை ஒரு துண்டில் சுற்றி, கோலா சிலாங்கூர் பட்டணத்துக்குக் கிளம்பினோம். அம்மாவும் வந்தார். பெர்ஜுந்தையிலிருந்து பட்டணத்துக்குப் போகும் சாலையில்தான் கம்போங் குவாந்தான் முடுக்கு வரும். மின்மினிப் பூச்சிக்கு உலகத்தின் பல மூலையிலிருந்து ஆட்கள் வரும் இடம். துடுப்புப் படகில், மோட்டார் சத்தம் இல்லாமல், சிலாங்கூர் ஆற்றில் கூட்டிப்போவார்கள். பெரெம்பாங் மரங்களில் ஆண் பூச்சிகள் ஒன்றாக மினுக்கி ஒன்றாக அணையும். அப்பா இறால் பிடிக்கப் போன ராத்திரிகளில் அந்த மரங்களைப் பார்த்துத்தான் கரையின் வளைவைக் கண்டுகொள்வாராம். அந்தப் பூச்சி மரத்தில் குடித்தனம் நடத்துவதில்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். முட்டையிடுவது மரத்துக்குப் பின்னால் உள்ள ஈரக்கரை மண்ணில். புழு அங்கே நத்தையைத் தின்று வளர்கிறது. மரங்களை விட்டுவைத்து, பின்கரையைச் சுத்தம் செய்து செம்பனை நட்டால் வெளிச்சம் குறைந்துவிடும். எங்கள் கோயிலும் அப்படித்தான் ஆனது. அதைப் பெயர்த்து வேறு இடத்தில் நன்றாகத்தான் கட்டிக் கொடுத்தார்கள். கும்பிட வர லயம் இல்லை.

அதே சாலையில் தென்னமரம் தோட்டத்தைப் பற்றி அம்மாவிடம் சொல்லிக்கொண்டு போனேன். பெயரிலேயே தமிழ் கேட்கிறது. மலேசியாவில் வாணிபத்துக்காகச் செம்பனை முதன்முதலில் நடப்பட்டது அங்கேதான், 1917-இல். நட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். இந்த ஆற்றங்கரையில் தோட்டம் போட்டு வாழ்ந்தவர், பிறகு 'மலேசி' என்று ஒரு நாவல் எழுதினார். 1930-இல் பிரான்சின் பெரிய இலக்கியப் பரிசான கோன்கூர் அதற்குக் கிடைத்தது. அவருடைய வீடு, அவர் நட்ட மரம், அவர் கண்ட மழை எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, நூறு வருஷம் கழித்தும் நூலகத்தில் கிடைக்கும். நல்ல விஷயம்தான். ஆனால் அந்த மரங்களின் குலையை அறுத்தவர்கள் எந்த வாசலில் நின்றார்கள், வாசலில் என்ன செடி வைத்திருந்தார்கள், கதவுக்கு என்ன வர்ணம் பூசினார்கள் என்பதை யார் எழுதி வைத்தார்கள்? எங்கள் 42 வாசலுக்கும் இருந்த ஒரே புத்தகம் 12 சென்டிமீட்டர் அகலமுள்ள அந்த மூன்றாவது சிடி. அதைத்தான் நான் இழுத்துக் கிழித்திருந்தேன்.

அம்மா கேட்டுவிட்டு, "தென்னமரத்துலதான் ஒன் சின்னாயி வாக்கப்பட்டா" என்று மட்டும் சொன்னார்.

கடைக்காரர் ஐம்பது வயது மதிக்கத்தக்க சீனர். நான் மறுபடியும் தட்டில் கை வைத்ததும், "ஜாங்கான் தாரிக், ஜாங்கான் தாரிக்" என்று பதறினார். இழுக்காதே. அடியில் இருந்த ஒரே ஒரு திருகாணியைக் கழற்றினார். முழு டிரைவும் பக்கவாட்டில் தீப்பெட்டி போல வழுக்கி வெளியே வந்தது. பல மடிக்கணினிகளில் அது அவ்வளவு சுலபம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பிறகு அதன் மேல்தகட்டைப் பிடித்திருந்த குட்டித் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு தேநீர்த் தட்டில் வரிசையாக வைத்தார். தகட்டைத் தூக்கினார்.

சிடியின் மேல் அம்மன் படம். காகிதத்தில் அச்சிட்டு ஒட்டியது. திருவிழா முடிந்ததும் தோட்டத்து இளைஞர்கள் வீட்டுக்கு ஒரு செட் என்று சிடி போட்டு, அம்மன் முகம் தெரிய வேண்டும் என்று ஆசையாக ஒட்டிக் கொடுத்த லேபிள். ஒன்பது வருஷ வெக்கையில் பசை இளகியிருந்தது. கணினிச் சூட்டில் இன்னும் இளகி, விளிம்பில் சுருண்டு எழுந்து மேல்தகட்டில் மாட்டிக்கொண்டது. சிடியின் கனம் 1.2 மில்லிமீட்டர். மடிக்கணினிக்குள் அதற்கு மேலே இருக்கும் இடைவெளி கொஞ்சம்தான். ஒரு காகிதச் சுருளுக்கு அங்கே இடமில்லை.

அவர் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் செருகிக் காகிதத்தைத் தகட்டிலிருந்து பிரித்தார். "பெலான் பெலான், ஆச்சி" என்று அம்மாவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே செய்தார். மெதுவாக, மெதுவாக. பிறகு நடுவில் பெருவிரலை வைத்து அமுக்கி, விளிம்பைச் சுற்றித் தூக்கினார். அம்மா என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

சிடியை வெளிச்சத்தில் பிடித்தபோது விளிம்பில் பிறை வடிவத்துக்கு வெள்ளி உரிந்திருந்தது. அந்த இடத்தில் கடையின் குழல்விளக்கு கண்ணாடி வழியே தெரிவது போலத் தெரிந்தது.

சிடியின் பளபளக்கும் அடிப்பக்கத்தைத்தான் எல்லோரும் பத்திரமாகப் பார்க்கிறோம். அங்கே கீறல் விழுந்தால் பல நேரம் மெருகேற்றிச் சரிசெய்யலாம், அது வெறும் பிளாஸ்டிக். தகவல் இருப்பது மேல்பக்கத்தில், எழுதியும் ஒட்டியும் நாம் கொஞ்சமும் கவலைப்படாத பக்கத்தில். பிளாஸ்டிக்குக்கு மேல் ஒரு சாயப் பூச்சு, அதன்மேல் வெள்ளி போன்ற மெல்லிய உலோகப் பூச்சு, அதன்மேல் ஒரு வார்னிஷ், முடிந்தது. லேபிளை உரித்தால் உலோகமும் சேர்ந்து உரியும். கடையில் விற்ற சினிமா விசிடிகள் அச்சு வைத்துக் குத்தியவை. கல்யாண சிடி, திருவிழா சிடி எல்லாம் ஒவ்வொன்றாக லேசரால் சாயத்தைச் சுட்டு எழுதியவை. வெயில் பட்டால் அந்தச் சாயம் வெளுக்கும். டிவிடியில் தகவல் இரண்டு பிளாஸ்டிக் தகட்டுக்கு நடுவில் இருப்பதால் இந்த விஷயத்தில் கொஞ்சம் தேவலை.

இன்னொன்றையும் கடைக்காரர் சொன்னார். சிடி உள்ளிருந்து வெளியே ஓடும். முதல் வாசல் நடுத்துளைக்குப் பக்கத்தில், கடைசி வாசல் விளிம்பில். நான் கிழித்தது கடைசி.

தொங்கிக்கொண்டிருந்த காகிதத்தை மட்டும் பிளேடால் வெட்டி எடுத்தார். மிச்சத்தைத் தொடவில்லை, அதுதான் சரி. தன்னுடைய மேசைக் கணினியில் போட்டு, வேகத்தைக் குறைத்து, நகல் எடுக்க விட்டார். ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. நாங்கள் பக்கத்துக் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு வந்தபோது திரையில் பூசாரி தேங்காயை உடைத்துக்கொண்டிருந்தார். 17 தாண்டியது. 20, 25, 30. மாட்டுக் கொட்டகைக்காரர் வீடு, ஆயாக் கொட்டகையில் எங்களையெல்லாம் வளர்த்த கிழவியின் வீடு. அம்மா நின்றுகொண்டே எழுதினார். 35-ஆவது வாசலில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. அதற்குமேல் படிக்கவில்லை.

எங்கள் வீடு 39. அந்த வாசலில் அப்பா தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார், எனக்கு நன்றாக ஞாபகம். அடுத்த வருஷம் அவர் இல்லை.

நான் அழுதுவிட்டேன். அம்மா நோட்டை மூடி பைக்குள் வைத்தார். "நம்ம வீடு எனக்குத் தெரியும் பாப்பா. அந்தப் பக்கத்து வரிசையும் தெரியும், தெனமும் பாத்த மொகம். தூரத்து வரிசைதான் மறந்துட்டேன், அது கெடச்சிருச்சு" என்றார். வீட்டுக்கு வந்து 36 முதல் 42 வரை பார்க்காமலே எழுதினார். கல்யாணத்துக்கு மற்ற 41 குடும்பத்துக்கும் பத்திரிகை போனது. 31 குடும்பம் வந்தது.

மண்டபத்தில் ஒவ்வொருவரிடமும் கேட்டேன், வீட்டுக்கு ஒரு செட் கொடுத்தார்களே, மூன்றாவது சிடி இருக்கிறதா என்று. வீடு மாறும்போது தூக்கிப் போட்டுவிட்டோம் என்றார்கள் சிலர். ஒருவர் வீட்டில் பிள்ளைகள் விளையாடி உடைத்துவிட்டார்கள். தஞ்சோங் காராங் பக்கம் குடிபோன ஒருவர், காய்கறித் தோட்டத்தில் குருவி விரட்டக் கயிற்றில் கட்டிவிட்டதாகச் சொன்னார். வெயிலில் மாதக் கணக்கில் தொங்கிய சிடியில் எதுவும் மிச்சமிருக்காது. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அதில் என்ன இருந்தது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அதனால் சொல்கிறேன். ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான், பெர்ஜுந்தை, சபாக் பெர்ணம், எந்தப் பக்கத்துத் தோட்டமாக இருந்தாலும் சரி. உங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பழைய கல்யாண சிடியோ திருவிழா சிடியோ கிடக்கும். அது உங்கள் வீட்டு விசேஷம் மட்டும் என்று நினைக்காதீர்கள், பின்னால் நிற்கும் லயத்தைப் பாருங்கள். இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் தட்டு இல்லை, யூஎஸ்பியில் செருகும் தனி டிரைவ் கடைகளில் கிடைக்கிறது. லேபிள் ஒட்டியிருந்தால் உரிக்காதீர்கள். லேபிள் எழும்பியிருந்தால் வீட்டில் போட்டுப் பார்க்காமல் விவரம் தெரிந்த கடைக்குக் கொண்டுபோங்கள். மாட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள். நகல் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று உங்கள் வீட்டில், ஒன்று அதே லயத்தில் குடியிருந்த இன்னொருவர் வீட்டில்.

எங்களிடம் முதல் 35 வாசல் இருக்கிறது. 36 முதல் 42 வரை அம்மாவின் நோட்டில், பென்சில் எழுத்தில் இருக்கிறது.